பிக்கப் மாத்தினா எல்லாம் சரியாயிடுமா?

டிஸ்கி: நான் கிட்டார் வித்வான் இல்லை. பொட்டி தட்டுற ஆளு. பொழுதுபோக்குக்கு வாசிக்கறேன். ஆனா இந்த விஷயத்துல ஒருத்தருக்குத் தப்பா யோசனை சொல்லி, அதுக்கு அவர் காசு கொடுத்தார். அந்தத் தகுதியில எழுதறேன்.

போன சனிக்கிழமை. பெங்களூர்ல அந்த வாரத்து ஆணியெல்லாம் ஓரளவுக்குப் புடுங்கி முடிச்சிட்டு, ஜோலார்பேட்டையில இறங்கி, வீட்டுக்கு வந்து ரெண்டு தோசை உள்ள போகல, போன் அடிக்குது. எங்க தெரு கிட்டார் அண்ணன்.

"தம்பி, ஊருக்கு வந்துட்டியா? பிக்கப் மாத்தணும்ப்பா. எதுனா நல்லதா பார்த்து சொல்லு."

தோசை தொண்டையிலயே நின்னுடுச்சு. இதே கேள்வியை நாலு வருஷம் முன்னாடி அவர் கேட்டார். நானும் பெரிய மேதாவி மாதிரி பதில் சொன்னேன். அதைத்தான் இப்ப கொசுவத்தி சுத்தப் போறேன்.

எங்க ஊரு நாட்றம்பள்ளி. சென்னையில இருந்து பெங்களூர் ஹைவேல வந்தா ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி வரும். 2019ல மாவட்டம் பிரிக்கற வரைக்கும் வேலூர் மாவட்டம், இப்போ திருப்பத்தூர் மாவட்டம். இந்தப் பக்கத்துல வீட்டுக்கு ஒருத்தராவது தோல் சம்பந்தப்பட்ட வேலையில இருப்பாங்க. அண்ணனும் அப்படித்தான். பகல்ல ஒரு ஷூ கம்பெனியில கட்டிங் செக்‌ஷன். தோலைக் கையால தடவிப் பார்த்தே எந்த இடம் அப்பருக்கு ஆகும், எந்த இடம் லைனிங்குக்குத்தான் லாயக்குன்னு சொல்லிடுவார். ராத்திரியில மெல்லிசைக் குழுவுல கிட்டார். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், கிறிஸ்துமஸ் விழா, எது வந்தாலும் சரி. ஒரு நைட்டுக்கு ஆயிரத்து ஐநூறு கிடைக்கும். பதினாலு வயசுல எனக்கு முதல் ஜி கார்டு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். வெட்டிப் போட்ட துண்டுத் தோல்ல அவரே தைச்சுக்கிட்ட கிட்டார் பெல்ட், கடையில விக்கறதை விட நல்லா இருக்கும்.

நாலு வருஷம் முன்னாடி அவர் சொன்ன குறை இதுதான்: "சவுண்டு ஒல்லியா இருக்குதுப்பா. வெயிட் இல்ல."

அவரோடது ஒரு பட்ஜெட் எலெக்ட்ரிக் கிட்டார். பிரிட்ஜ் பக்கம் ஒரு ஹம்பக்கர், கழுத்துப் பக்கம் ஒண்ணு. நான் நாலு நாள் ராத்திரி கண்ணு முழிச்சு, வெளிநாட்டுக்காரங்க போட்ட ஒப்பீடு எல்லாம் பார்த்தேன். இருக்கறதுலயே எது அதிக அவுட்புட், எது பெரிய காந்தம், எது அதிக கிலோ ஓம்னு பட்டியல் போட்டேன். சாஃப்ட்வேர்காரன் புத்தி, பெரிய நம்பர் பெரிய நன்மைன்னு. கடைசியில ஒரு செராமிக் காந்தம் வச்ச பயங்கர ஹாட் பிக்கப்பைச் சொன்னேன். கம்பெனி பேரு வேண்டாம், தப்பு அவங்க மேல இல்ல. ஒம்பதாயிரம் ரூபா. அதாவது ஆறு ராத்திரி வாசிப்பு. நானே சால்டர் பிடிச்சு மாட்டினேன்.

வீட்ல சின்ன ஆம்ப்ல போட்டு, டிஸ்டார்ஷனைத் தட்டிவிட்டு ஒரு கார்டு அடிச்சா சுவரே அதிருது. அண்ணன் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு. நான் அன்னிக்கே பெங்களூருக்குக் கிளம்பிட்டேன். நல்ல காரியம் பண்ண திருப்தியோட :-)

ரெண்டு சீசன் கழிச்சுத்தான் விஷயம் தெரிஞ்சது. அதுவும் அவரா சொல்லல. அவங்க குழுவுல கீபோர்டு வாசிக்கறவர் பஸ் ஸ்டாண்டுல பார்த்து, "அண்ணன் நிறுத்திடலாம்னு சொல்றாருப்பா, தெரியுமா?"ன்னார். வீட்டுக்குப் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம் சொன்னார்:

"மேடையில என் கிட்டார் எனக்கே கேக்கல தம்பி. சவுண்டுக்காரன் இருக்குதா இல்லையான்னு கேக்கறான். இத்தினி வருஷம் மெஷின் சத்தத்துல நின்னு எனக்குத்தான் காது போயிடுச்சு போலக்கீது. இன்னா பண்றது."

அவருக்குக் காது போகல. நான் சொன்ன பிக்கப்பும் அவர்கிட்ட இருந்த கேபிளும் சேர்ந்து பண்ண வேலை அது. அதை அவர் தன் மேல போட்டுக்கிட்டு ரெண்டு வருஷம் நடமாடியிருக்கார். இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்தற இடம் இதுதான்.

என்ன நடந்ததுன்னு கொஞ்சம் விவரமா சொல்றேன். கணக்குன்னா அலர்ஜி உள்ளவங்க அடுத்த அஞ்சாறு பத்தி பல்லைக் கடிச்சிக்கிட்டுத் தாண்டிடுங்க.

பிக்கப்னா பெரிய மந்திரம் இல்ல. காந்தம், அதைச் சுத்தி தாமிரக் கம்பி. மேல இரும்புத் தந்தி ஆடினா காந்தப் புலம் மாறும், சுருள்ல மின்சாரம் பிறக்கும். 1831ல ஃபாரடே கண்டுபிடிச்ச அதே சமாச்சாரம். நம்ம ஊர் சைக்கிள் டைனமோவும் இதே ஜாதிதான். கம்பி மட்டும் ரொம்ப சன்னம், சுமார் 0.063 மில்லிமீட்டர். ஒரு சாதாரண ஸ்ட்ராட் பிக்கப்ல அதை எட்டாயிரம் சுத்து பக்கம் சுத்துவாங்க.

இத்தனை சுத்து சுத்தினா இண்டக்டன்ஸ் வரும். பிக்கப்பையும் கிட்டாரையும் கேபிளையும் தனித்தனியா பார்க்கக் கூடாது. சுருளோட இண்டக்டன்ஸும் கேபிளோட கபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு ஃபில்டர். ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ல லேசா தூக்கிக் கொடுக்கும், அதுக்கு மேல எல்லாத்தையும் சரசரன்னு வெட்டிடும். அந்த உச்சி எங்க விழுதுங்கறதுதான் பெரும்பாலும் நாம 'டோன்'னு சொல்ற விஷயம். இண்டக்டன்ஸையும் கபாசிட்டன்ஸையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, ரெண்டு பையால பெருக்கி, ஒண்ணை அதால வகுத்தா அந்த அதிர்வெண் வந்துடும். காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிச்சது. பரீட்சைக்கு மட்டும் படிச்சதால மறந்துட்டேன். அவ்வ்வ்.

அண்ணனுக்கு நான் மாட்டினது 8 ஹென்றி பக்கம் வரும். என் வீட்ல சோதிச்சப்போ 3 மீட்டர் நல்ல கேபிள், மீட்டருக்கு 100 பிக்கோ ஃபாரட், ஆக 300. பிக்கப்புக்குள்ளயே ஒரு 100 சேர்த்துக்கோங்க. மொத்தம் 400. கணக்குப் போட்டா உச்சி 2800 ஹெர்ட்ஸ்ல விழுது. பரவாயில்லை, காதுக்குத் தெளிவா கேக்கற இடம்தான்.

மேடையில அவர் போடறது எந்தக் காலத்துலயோ வாங்கின 10 மீட்டர் கேபிள். அதை நான் ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து மல்டிமீட்டர்ல வச்சுப் பார்த்தேன். ரெண்டு முனையும் திறந்து விட்டுட்டு ஒரு முனையில அளந்தா போதும். 1500 பிக்கோ ஃபாரட்! பிக்கப்போட 100ஐ சேர்த்தா 1600. அதாவது என் வீட்ல இருந்ததை விட சரியா நாலு மடங்கு. வர்க்கமூலம் எடுத்தா ரெண்டு. உச்சி 2800ல இருந்து 1400 ஹெர்ட்ஸுக்கு இறங்கிடுச்சு.

மனுஷக் காது ரொம்பக் கூர்மையா இருக்கறது 2000ல இருந்து 5000 ஹெர்ட்ஸ் வரைக்கும். பிக் தந்தியில படற அந்த 'டக்' சத்தம் கேக்கறது அங்கதான். அதை மொத்தமா வெட்டி எறிஞ்சுட்டு மேடையில நின்னா? போர்வைக்குள்ள உட்கார்ந்து பாடற மாதிரிதான் இருக்கும். தபேலா, கீபோர்டு, டிரம் பேட் எல்லாம் முழங்கும்போது அதுக்குள்ள கிட்டார் எங்க கேக்கும். அண்ணன் ப்ராசஸர்ல ட்ரெபிளை ஏத்தியிருக்கார். இல்லாத ட்ரெபிளை ஏத்தினா வர்றது இரைச்சல் மட்டும்தான்.

ஐந்நூறு ரூபா கொடுத்து 5 மீட்டர் நல்ல கேபிள் ஒண்ணு வாங்கினோம். உச்சி 2300 ஹெர்ட்ஸுக்கு ஏறிச்சு. அடுத்த வாரம் ஒரு ரிசப்ஷன் முடிச்சிட்டு ராத்திரி ஒரு மணிக்குப் போன் பண்ணி, "தம்பி, கேக்குதுப்பா"ன்னார். அவ்வளவுதான் சொன்னார்.

ஒம்பதாயிரம் கெடுத்ததை ஐந்நூறு பாதி சரி பண்ணுச்சு. மீதிப் பாதி, அந்த பிக்கப்பே அவருக்குத் தேவையில்லாததுங்கறது.

இங்கதான் என் கருத்தைச் சொல்லணும். இந்த 'ஹாட்' பிக்கப்ங்கற சங்கதி எதுக்கு வந்ததுன்னு யோசிக்காம நாம வாங்கறோம். 1970களின் ஆரம்பத்துல லேரி டிமார்ஸியோ 'சூப்பர் டிஸ்டார்ஷன்'னு ஒண்ணு கொண்டு வந்தார். பேர்லயே காரணம் இருக்கு. அன்னிக்கு வால்வு ஆம்ப்ளிஃபயரோட உள்வாசலை முட்டி மோதி உடைச்சு விடணும்னா கிட்டார்ல இருந்தே அதிக வோல்டேஜ் வரணும். அதுக்காகப் பிறந்தது. நம்ம அண்ணன் வாசிக்கறது என்ன? கிட்டார்ல இருந்து ப்ராசஸர், அங்கிருந்து மிக்ஸர், அங்கிருந்து ஸ்பீக்கர் பெட்டி. வால்வு ஆம்ப் மருந்துக்கும் கிடையாது. அதிக வோல்டேஜ் வேணும்னா ப்ராசஸர்ல கெயின் குமிழை ரெண்டு புள்ளி திருப்பினா போச்சு. காசு கொடுத்து வாங்கி மாட்டின அந்த 'பவர்' அவருக்கு ஓசியிலயே இருந்திருக்கு. அதுக்கு விலையா தெளிவைத் தூக்கிக் கொடுத்திருக்கோம். அவங்க குழுவுல வாசிக்கற பாட்டுல முக்காவாசி இளையராஜா. கண்ணாடி மாதிரி சுத்தமான சத்தம் வேணும். நான் சொன்ன பிக்கப் மெட்டாலிகா ரசிகனுக்கானது. ஆனாலும் சொன்னேன். ஏன்னா எனக்குப் பிடிச்சது மெட்டாலிகா!

இந்தக் கிலோ ஓம் பைத்தியம் பத்தியும் ஒரு வார்த்தை. 8 கே, 14 கே, 16 கேன்னு போட்டிருப்பாங்க. அது சுருளோட மின்தடை. சன்னமான கம்பியில சுத்தினா சுத்து குறைவா இருந்தாலும் மின்தடை கூடத்தான் செய்யும். காந்தம் எதுன்னு அது சொல்லாது, இண்டக்டன்ஸ் எவ்வளவுன்னும் சொல்லாது. வேடிக்கை என்னன்னா, தாமிரத்தோட மின்தடை ஒரு டிகிரிக்கு சுமார் 0.39 சதவீதம் ஏறும். 25 டிகிரியில 8 கே காட்டற பிக்கப்பை எங்க ஊரு அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரியில அளந்தா 8.47 காட்டும். வேலூர் வெயில் ஓசியிலயே அவுட்புட்டை ஏத்தி விடுதுன்னு சொல்லிக்கலாம் :-)

சரி, பிக்கப் மாத்தறதே வீண் வேலையா? அப்படியும் சொல்ல மாட்டேன். கட்டையா பிக்கப்பான்னு கேட்டா நான் பிக்கப் கட்சி. ஜிம் லில்னு ஒரு அமெரிக்க கிட்டார்காரர், கிட்டார் உடம்பே இல்லாம, ரெண்டு மேசைக்கு நடுவுல தந்தியை இழுத்துக் கட்டி, கீழ ஒரு பிக்கப்பை வச்சு வாசிச்சுக் காட்டினார். நிஜ கிட்டாருக்கும் அதுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கறது கஷ்டம். மஹோகனியா மாமரமான்னு சண்டை போடறவங்க அதை ஒரு தடவை பார்க்கலாம்.

நம்ம ஊர் உதாரணம் வேணும்னா மாண்டலின் ஸ்ரீநிவாஸ். 1969ல பாலகொல்லுல பிறந்து 2014ல சென்னையில மறைஞ்சவர். சாதா மாண்டலின்ல நாலு ஜோடியா எட்டுத் தந்தி. தட்டினதும் சத்தம் செத்துடும். அதுல எங்க கமகம் பிடிக்கறது? அவர் எடுத்தது எலெக்ட்ரிக் மாண்டலின், ஒத்தைத் தந்தியா அஞ்சு. ஒரு தடவை மீட்டிட்டு தந்தியை இழுத்து அசைச்சு சுவரத்தை ஆட்டினா, சத்தம் சாகறதுக்கு முன்னாடி அந்த அசைவு முழுக்க வெளிய வரணும். அந்த வேலையைப் பண்ணது பிக்கப்பும் ஆம்ப்ளிஃபயரும். சபாவுல சங்கீதம் கேக்கற மாமாக்கள் ஆரம்பத்துல முகம் சுளிச்சாலும், அந்த மின்சாரம் இல்லாம அந்த வாத்தியத்துல கர்நாடக சங்கீதம் அப்படி வந்திருக்காது. கிட்டார்ல பிரசன்னா பண்றதும் அதே ரகம். ஐஐடி மெட்ராஸ்ல கப்பல் கட்டுமானம் படிச்சவர். எஞ்சினியரிங் படிச்சவங்க எல்லாரும் என்னை மாதிரி வீணாப் போகலங்கறதுக்கு ஆதாரம்.

ஆக பிக்கப் முக்கியம்தான். முக்கியம்ங்கறதாலயே அது கடைசியா தொட வேண்டிய இடம். அதுக்கு முன்னாடி செலவில்லாத வேலை நிறைய இருக்கு, அதை யாரும் சொல்றதில்ல. விக்க முடியாதே.

உதாரணத்துக்கு உயரம். பிக்கப்போட ரெண்டு பக்கமும் ஒரு ஸ்க்ரூ இருக்கும். கடைசி ஃப்ரெட்ல தந்தியை அமுக்கிப் பிடிச்சிட்டு, தந்திக்கும் பிக்கப்புக்கும் நடுவுல ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளியில ஆரம்பிங்க. கிட்ட கொண்டுவந்தா சத்தம் கூடும், முரட்டுத்தனம் கூடும். தள்ளினா சத்தம் குறையும், ஆனா காத்தோட்டமா இருக்கும். ஸ்ட்ராட் மாதிரி சிங்கிள் காயில்ல ரொம்ப கிட்ட வந்தா காந்தம் தந்தியையே இழுத்துப் பிடிச்சு ஸ்ருதியைக் கலக்கிடும். 'என் கிட்டார் ஸ்ருதி நிக்கலை'ன்னு புலம்பற பாதிப் பேருக்கு இதான் வியாதி. வைத்தியம் ஒரு ஸ்க்ரூடிரைவர்.

அடுத்து உள்ள இருக்கற வால்யூம் பாட். ஹம்பக்கருக்கு 500கே போடறது வழக்கம், சிங்கிள் காயிலுக்கு 250கே. விலை குறைஞ்ச கிட்டார்ல கைக்குக் கிடைச்சதைப் போட்டு அனுப்பிடுவாங்க. அண்ணன் கிட்டாரைத் திறந்தா ஹம்பக்கருக்கு 250கே உட்கார்ந்திருந்தது. 500ஆ மாத்தினோம். கேபிள் மாத்தின அளவுக்கு இல்லைன்னாலும், முகம் கழுவின மாதிரி ஒரு தெளிவு. அப்புறம் தந்தி. எங்க ஊரு வியர்வைக்கு ஒரு செட் தந்தி ரெண்டு மாசம் தாங்கினா அதிகம். துருப்பிடிச்ச தந்தியில என்ன பிக்கப் போட்டாலும் துருப்பிடிச்ச சத்தம்தான்.

இன்னொரு கொடுமை: ப்ராசஸர் ரிப்பேர்னா சில மேடைகள்ல கிட்டாரை நேரா மிக்ஸரோட லைன் வாசல்ல சொருகிடறாங்க. அந்த வாசல் 10 கிலோ ஓம் பக்கம் இருக்கும். கிட்டார் எதிர்பார்க்கறது 10 லட்சம் ஓம். நூத்துல ஒரு பங்கு. சாதாரண ஹம்பக்கரைக் கூட அது சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல மழுக்கிடும். உலகத்துலயே விலை உசந்த பிக்கப்பா இருந்தாலும் இதே கதிதான். நடுவுல ஒரு டிஐ பாக்ஸ் போட்டாப் போச்சு.

ஹம், அதாவது அந்த 'ம்ம்ம்ம்' இரைச்சல், இதுல நான் கொஞ்சம் கோபமாவே பேசுவேன். சிங்கிள் காயில் ஒரு ஆண்டெனா மாதிரி. சுவத்துல ஓடற 50 ஹெர்ட்ஸ் கரண்டை எல்லாம் பிடிச்சுத் தரும். அதுக்குத்தான் கிப்ஸன்ல செத் லவர் ரெண்டு சுருளை எதிரெதிரா சுத்தி, காந்தத்தையும் தலைகீழா வச்சு, இரைச்சல் ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்க, தந்திச் சத்தம் மட்டும் கூடற மாதிரி ஹம்பக்கர் பண்ணார். 1955ல காப்புரிமைக்கு விண்ணப்பிச்சு 1959ல கிடைச்சது. அந்தக் காலத்துல வந்ததுல நிறைய 'விண்ணப்பித்துள்ளோம்'னு ஒட்டுச்சீட்டோட வந்ததால அதுக்கு பிஏஎஃப்னு பேரு நின்னுடுச்சு. இன்னிக்கு அந்த ஒட்டுச்சீட்டு போட்ட பழசுக்கு என்ன விலை சொல்றாங்கன்னு பார்த்தா தலை சுத்தும்.

ஆனா ஹம்பக்கர் போட்டும் இரைச்சல் வருதுன்னா? தந்தியைத் தொட்டா இரைச்சல் நிக்குது, கையை எடுத்தா வருதுன்னா? பிக்கப் கடைக்குப் போகாதீங்க. எர்த் பாருங்க. எங்க பக்கத்து மேடைகள்ல ஜெனரேட்டர்ல இருந்து ரெண்டு ஒயர் மட்டும் இழுத்து, சீரியல் செட், மைக், கிட்டார் எல்லாம் அதுலயே. எர்த் கம்பிங்கறது கிடையவே கிடையாது. மூணு பின் பிளக்குல பெரிய பின்னை ஒடிச்சு வச்சிருப்பாங்க. கையில தந்தி, உதடு மைக்ல. நடுவுல இருக்கறது மனுஷன். ஸ்டோன் தி க்ரோஸ் குழுவோட கிட்டார்காரர் லெஸ் ஹார்வி, 1972ல ஸ்வான்ஸியில சரியா எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு மேடையிலயே இறந்தார். அண்ணனுக்கும் ரெண்டு தடவை உதட்டுல சுரீர்னு அடிச்சிருக்கு. "பழகிடுச்சுப்பா"ன்னு சிரிக்கறார். இது பழகற விஷயமா? நூறு ரூபாய்க்கு டெஸ்டர் ஒண்ணு வாங்கி அவர் பைக்குள்ள போட்டுட்டேன். மைக்கை டெஸ்டர்ல தொட்டுப் பார்த்துட்டுத்தான் வாயை வைக்கணும்னு சத்தியம் வாங்கியிருக்கேன்.

இப்போ போன வாரத்துக் கதைக்கு வர்றேன்.

"இன்னா ஆச்சுண்ணா திடீர்னு?"

"பிரிட்ஜ்ல போட்டா கொசு கத்தற மாதிரி கீச்சுனு வருதுப்பா. வால்யூமே இல்ல."

போய்ப் பார்த்தேன். இந்தத் தடவை வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி மல்டிமீட்டரைத் திறந்தேன். பிரிட்ஜ் பிக்கப்ல ஒரு சுருள் மின்தடையே காட்டல. உள்ள எங்கயோ கம்பி அறுந்திருக்கு. அறுந்த இடத்தைத் தாண்டி கொஞ்சூண்டு உயர் அதிர்வெண் மட்டும் கசியும், அதான் அந்தக் கொசு சத்தம். மனசு கேக்காம பம்ப் செட் மோட்டார் சுத்தற வைண்டிங் கடைக்கு எடுத்துட்டுப் போனோம். கடைக்காரர் முப்பது வருஷமா காயில் சுத்தறவர். டேப்பைப் பிரிச்சு, கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தார். ஒரு ஓரத்துல பச்சை பூத்திருந்தது. வியர்வை உள்ள இறங்கி தாமிரத்தைத் தின்னிருக்கு.

"இதைப் போய் எங்கிட்ட எடுத்தாந்தியே, இது கம்பியா சிலந்தி வலையா? மூச்சு விட்டா அறுந்துடும்போலக்கீது"ன்னு சிரிச்சிக்கினே திருப்பிக் கொடுத்துட்டார். காசும் வாங்கல.

ஆக இப்போ நிஜமாவே பிக்கப் மாத்தியாகணும். ஆடி மாசம் வருது, இந்தப் பக்கம் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் குறைவில்ல. நான் சொன்னது இதுதான்: அவுட்புட் நடுத்தரமா, பிஏஎஃப் ரகத்துல, ஆல்நிக்கோ 5 காந்தம் வச்சது, 8 கே பக்கம். சீமோர் டங்கனோட '59' அந்த ரகம். இண்டக்டன்ஸ் 4.4 ஹென்றி மாதிரி வந்தா, அவரோட 5 மீட்டர் கேபிள்ல உச்சி 3100 ஹெர்ட்ஸ்ல விழும். இளையராஜாவுக்கு அது போதும். அவரோட பிரிட்ஜ்ல தந்தி இடைவெளி அகலம், அதனால அகல ரகத்தைத்தான் கேட்டு வாங்கணும். போன தடவை நான் அதையும் கவனிக்கல, கடைசி ரெண்டு தந்தியும் முளைக்கு வெளியதான் ஓடிச்சு. புதுசு பத்தாயிரம் பக்கம் ஆகும். பழசு வாங்கினா பாதிதான். பெங்களூர்ல பசங்க மாசத்துக்கு ஒரு பிக்கப் மாத்திட்டு விக்கறாங்க, மீட்டர் வச்சு ரெண்டு சுருளும் ஏறக்குறைய சமமா காட்டுதான்னு பார்த்து எடுத்தா பயமில்ல.

"நான் வாங்கிட்டு வரேண்ணா. போன தடவை என்னால..."ன்னு இழுத்தேன்.

"எதுக்கு? போன தடவை நீ சொன்னே, நான் வாங்கினேன். தோல் வெட்டும்போது கத்தி தப்பிச்சுனா தோல்காரனையா கேப்பேன்?"

"இல்லண்ணா..."

"காசு நான் தரேன். நீ பழசா பார்த்து எடுத்தா. ஆனா இந்த தடவை என் கேபிள்ல, என் ப்ராசஸர்ல, நான் சொல்ற பாட்டுல வாசிச்சுப் பார்த்துட்டு அப்பறமா கிளம்பு. பஸ்ஸுக்கு டைம் ஆச்சுன்னு ஓடாத."

நேத்து சாயங்காலம் கோரமங்கலாவுல ஒரு பையன்கிட்ட நாலாயிரத்து எழுநூறுக்கு ஒண்ணு முடிச்சிருக்கேன். ஒரு சுருள் 4.0, இன்னொண்ணு 4.1. மேல கொஞ்சம் கீறல். அண்ணனுக்குப் போன்ல சொன்னதும், கீறல் எந்தப் பக்கம், எவ்ளோ ஆழம்னு தோலைக் கேக்கற மாதிரியே கேட்டார். வர்ற ஞாயித்துக்கிழமை சால்டரிங். கரண்ட் கட் இல்லாத நேரமா காலையில ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கார்.